நார்மல் பட்டியலில் உன் அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, மகளுக்குத் தபாலில் கடிதம் போடுகிற அப்பனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? கிறுக்கு என்று சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை விளாங்குடி பஸ் நிறுத்தத்தில் நீயும் நானும் அரை மணி நேரம் நின்றோமே, அப்போது வாயைத் திறந்தேன். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டேன். நீகூட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். அதனால்தான் திருப்பரங்குன்றத்தில் உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். மத்தியான இடைவேளையில் தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்த பிறகு என்னை என்ன கேட்க வேண்டுமோ கேள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் பேராசிரியர் உனக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான், இருந்தாலும் படித்தேன். பம்பாயில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மறுபடியும் ஓர் இடம் இருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். என்னம்மா முடிவு செய்திருக்கிறாய் என்று கேட்டேன். "வேணாம்ப்பா. ஒரு தடவை நான் போறேன்னு சொன்னதுக்கு அம்மா பட்டது போதும்" என்றாய். சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாய். நாலு வருஷமாக இது உன் மனசில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ அதை அவ்வளவு சாதாரணமாக, பால்காரன் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன சொல்லால்தான் அம்மா விழுந்தாள் என்று நீ நினைக்கிறாய். அவள் விழுவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அது எனக்குத் தெரியும். அளந்தவனே நான்தான்.

தெரியும் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருந்ததா, தெரியாமல் இருக்க வேண்டும் என்று பாடுபட்டேனா என்பது எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

உலகத் தமிழ் மாநாட்டுக்காக ஊரெல்லாம் வெள்ளையடித்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். மதுரை வெயிலிலும் கழுத்து டையைக் கழற்றாத மனிதர். வந்த ஒரு மாதத்தில் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடப் பழகிக்கொண்டார், டையை மட்டும் விடவில்லை. ரத்தக் கொதிப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி தொடங்கினார், லேபிலிருந்து என்னை அதற்கு எடுத்துக்கொண்டார். பயமோ கோபமோ அவசரமோ வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும் என்பது வேதியியல் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. இதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் அது வந்து ஒட்டிக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. ரிசப்டர் என்பார் டாக்டர். அங்கே போய் ஒட்டினால்தான் இதயம் வேகமாக அடிக்கும், குழாய் இறுகும். கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த இடங்கள் கூடவா, குறைவா என்பதுதான் அவருடைய கேள்வி. உயிரோடு இருக்கிறவரின் இதயத்தைக் கிள்ளி எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் அதே மாதிரி இடங்கள் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களின் மேலும் இருக்கின்றனவாம். "இதயத்துக்குப் பதிலா ரத்தத்தைக் கேக்கறோம்ணே" என்றார். ரத்தம் இதயத்தைப் பற்றி உண்மையைத்தான் சொல்லுமா டாக்டர் என்று கேட்டேன். "அதையும் சேத்துத்தான்ணே கண்டுபிடிக்கணும்" என்று சிரித்தார். எனக்கு அன்றைக்குப் பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். அதுவரை சிறுநீரும் சளியும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஆராய்ச்சி என்ற சொல்லே ஒரு கிறக்கம். எடுத்த ரத்தத்தை அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் கலங்காமல் ஊற்றி, சுழலும் எந்திரத்தில் வைத்தால், சிவப்பு எல்லாம் அடியில் இறங்கிவிடும். நடுவில் கஞ்சியின் மேல் படிகிற ஆடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம் நிற்கும். அதை உடையாமல் உறிஞ்சி எடுக்க என்னைவிட்டால் ஆள் இல்லை என்று டாக்டரே சொல்வார். பிரித்த அணுக்களைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மாலை ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்புவோம். கதிரியக்க மருந்தைக் கலந்து எண்ணுகிற கருவி அங்கேதான் இருந்தது. ஐஸ் கொண்டுவருவது எங்கள் அட்டெண்டர் காதர் பாயின் பொறுப்பு. அவர் அதை மீன் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வருவார். மதுரையிலிருந்து வருகிற அணுக்கள் மட்டும் ஏன் அயிரை வாசம் அடிக்கின்றன என்று மெட்ராஸ்காரர்கள் கேட்டு எழுதினார்களாம்.

தொல்லை வந்தது நார்மல் ஆட்களால். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஜோடி வேண்டும், இரண்டு பேர் ரத்தமும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் போக வேண்டும். அதே வயசு, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், ஆனால் கொதிப்பு இல்லாதவர். நோயாளி தானாக ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒன்றும் இல்லாதவர் எதற்காக வந்து கையை நீட்டப் போகிறார்? "சும்மா இருக்குற ஒடம்புல ரத்தத்தை உறிஞ்சுவாய்ங்களாம்ல" என்று வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் நிறைய. கடைசியில் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்தோம். காதர் பாயின் மச்சான்கள் இரண்டு பேர், நர்ஸுகளின் அக்கா தங்கைகள், என் அண்ணன், ஒரு நாள் டாக்டரே. எங்கள் ஆராய்ச்சியில் ஆரோக்கியமான மனிதகுலம் என்றால் அது பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அவர்களுக்கும் விதி உண்டு. அரை மணி நேரம் படுக்க வைத்து, இடைவெளி விட்டு மூன்று தடவை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் எண் நூற்று நாற்பதைத் தாண்டினால் பட்டியலில் அடித்துவிட்டு, சீட்டு எழுதி வெளிநோயாளிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். காதர் பாயின் மூத்த மச்சானை அப்படித்தான் அனுப்பினேன். அவர் இன்றைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். ரோட்டில் பார்த்தால் சைக்கிளை நிறுத்திச் சலாம் வைப்பார். அதை வாங்கிக்கொள்ளும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சோழவந்தானிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை, நாற்பத்தாறு வயசு. மாத்திரை உள்ளே இருந்தால் கணக்கு மாறிவிடும் என்பதால் ரத்தம் எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தோம். தலை கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே படுத்தாள். ரத்தம் எடுத்தாயிற்று. அவளுக்கு ஜோடியாக வர வேண்டிய நர்ஸின் அக்கா வரவில்லை. டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணே, இன்னைக்கு ஜோடி கிடைக்கலைன்னா இந்தம்மாவை இன்னொரு தடவை ரெண்டு வாரம் மாத்திரை இல்லாம விடணும். எனக்கு அது மனசு வரலை" என்றார். நல்ல மனிதர், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு விளாங்குடிக்கு மிதித்தேன். உன் அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவள் இல்லை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ரத்தந்தானே, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க. சேலை மாத்திட்டு வாரேன்" என்றாள். நீ அப்போது கல்லூரிக்குப் போயிருந்தாய்.

படுக்க வைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் நூற்று எழுபது. ஆஸ்பத்திரியைக் கண்ட பயம் என்று நினைத்தேன். ஒரு லேப் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்து நூற்று அறுபத்தாறு. மறுபடியும் நூற்று அறுபத்தாறு. அதையும் குறித்தேன். மற்றவர்களாக இருந்தால் அங்கேயே கதை முடிந்தது, மூன்றுக்கு மேல் நான் யாருக்கும் பார்த்ததில்லை. அவளுக்கு மட்டும் நாலாவது தடவை பட்டையைச் சுற்றினேன். காதர் பாய் கதவுக்கு வெளியிலிருந்து, "அண்ணே, ஐஸ் கரையுது. இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார். அந்தப் பக்கம் சோழவந்தான் அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதரசம் இறங்கும்போது காதில் டக் என்று முதல் சத்தம் எங்கே கேட்கிறதோ அதுதான் மேல் எண். பட்டையின் காற்றை விடுகிற திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் பாதரசம் விறுவிறுவென்று இறங்கும், காது பின்தங்கிவிடும். அன்றைக்கு நான் அவ்வளவு திறந்தேனா? இத்தனை வருஷம் என் கட்டைவிரலைப் பார்த்து யோசித்துவிட்டேன், ஞாபகம் பிடிபடவில்லை. நூற்று முப்பத்தெட்டில் சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் நினைக்கிறேன். படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தெட்டு என்று மையால் எழுதினேன். ஓர் எண்ணாவது காதில் கேட்டது என்று வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டு எங்கிருந்து வந்தன? சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் கையில் ஊசியைக் குத்தினேன். கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து வீட்டில் ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, கருவாடு கூடாது என்று நான் சட்டம் போட்டேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வயிறு சரியில்லை என்று காரணம் சொன்னேன். "அப்பாவுக்கு வயிறு சரியில்லைன்னா நாங்க எதுக்குப் பத்தியம் இருக்கணும்" என்று நீ கேலி செய்தாய். தெரியாதவன் எதற்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறான்? ஆகவே எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு டாக்டரிடம் ஏன் கூட்டிப்போகவில்லை என்றால், எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். பிரஷர் பார்த்தவுடன் என் படிவம் பொய் என்று தெரிந்துவிடும். வேறு டாக்டரிடம் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். போயிருக்கலாம். ஆராய்ச்சி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆராய்ச்சி முடிகிற மாதிரி இல்லை, நானும் தள்ளிக்கொண்டே போனேன்.

மெட்ராஸிலிருந்து எண்ணிக்கை வந்த அன்றைக்கு டாக்டர் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கொதிப்பு உள்ளவர்கள் ஒரு பக்கம், நார்மல்கள் ஒரு பக்கம். இரண்டும் நிறையக் கலந்துதான் கிடந்தன, என் கண்ணுக்கு ஒன்றும் பிரியவில்லை. ஒரு புள்ளியை மட்டும் அவர் பென்சிலால் தட்டினார். "இந்த நார்மல் மட்டும் ஒரேயடியா அந்தப் பக்கம் போயி நிக்குது. ஒரு புள்ளியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் அண்ணே, இவங்களுக்குப் பிரஷர் சரியாத்தானே பாத்தீங்க?" என்று கேட்டார். என் மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். எண்ணைப் பார்த்தேன், உன் அம்மாவின் எண். "ஆமா டாக்டர், மூணு தடவை பாத்தேன்" என்றேன். அளந்த அன்றைக்கு நடந்ததற்குக் காது, கட்டைவிரல், ஐஸ் என்று எதையாவது சொல்லலாம். இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் அவளுக்கு மறுநாளே மாத்திரை கிடைத்திருக்கும்.

அப்புறம் நீ பம்பாய்க்கு இடம் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாய். நான் முன்னறையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. "ஒத்தப் பொட்டப்புள்ளயா அம்புட்டுத் தூரம் போயி என்னத்தைச் சாதிக்கப் போற?" என்றாள். "நான் போகத்தான் போறேன், நீ என்ன சொன்னாலும் போவேன்" என்றாய். "போ, போயி உன் இஷ்டத்துக்கு இரு" என்றாள். அதற்குப் பிறகு பாத்திரம் விழுந்த சத்தம். வலது கையும் காலும் வராமல், வாய் ஒரு பக்கம் கோணி அவள் கிடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "பெத்தவளைப் பேசியே சாச்சுப்புட்டாளே இவ" என்றாள். நீ சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். அப்பா ஏதாவது சொல்ல மாட்டாரா என்று பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வார்டு டாக்டர் வந்து, இதற்கு முன் பிரஷர் இருந்ததா என்று கேட்டார். "பாத்ததில்லைங்க" என்றேன். ஊரெல்லாம் பிரஷர் பார்க்கிறவன் பெண்டாட்டிக்குப் பார்க்கவில்லையா என்று அவர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. பழி உன் மேல் விழுந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, பாப்பா. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

இப்போது என் குழப்பத்தைச் சொல்கிறேன். அன்றைக்கு நீ சண்டை போடாமல் இருந்திருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாளோ என்று சில நாள் தோன்றும். கோபத்தில் அட்ரினலின் ஏறும், போய் ஒட்டும், குழாய் இறுகும், நானே படித்த பாடம்தானே? மறுநாள் தோன்றும், ஒன்றரை வருஷம் நூற்று எழுபதில் ஓடின குழாய், நீ பேசாவிட்டாலும் தண்ணீர்க் குடம் தூக்கும்போது விட்டுப்போயிருக்கும். டாக்டர் ஒரு தடவை சொன்னார். கொதிப்பு உள்ளவர்களிடம் அந்த இடங்கள் மாறியிருந்தால், அது மாறியதால் கொதிப்பு வந்ததா, கொதிப்பு வந்ததால் அது மாறியதா என்று ரத்தத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாதாம். "ரெண்டும் ஒண்ணா இருக்குன்னா, ஒண்ணுனாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு அர்த்தமில்லண்ணே" என்றார். நீ பேசியதும் அவள் விழுந்ததும் ஒரே நிமிஷத்தில் நடந்தன. அதைப் பார்த்துத்தான் உன் அத்தை தீர்ப்புச் சொன்னாள், நீயும் அதை ஏற்றுக்கொண்டாய். நான் அளந்ததும் மறைத்ததும் யார் கண்ணிலும் படவில்லை. எத்தனை பங்கு எதனால் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அவள் விழாமல் இருக்கப் பெரிய வாய்ப்பு இருந்தது, அந்த மாத்திரையை அவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தவன் நான். இந்த ஓர் இடத்தில் எனக்குக் குழப்பமில்லை.

நீ ஆராய்ச்சிக்குப் போகிறவள், போக வேண்டியவள், அதனால் சொல்கிறேன். உனக்குப் பிடிக்காத எண் வரும்போது அதை முதலில் மையால் எழுதிவிடு, காரணத்தை அப்புறம் தேடு. உனக்கு வேண்டியவர்களை நீ அளக்காதே, வேறு ஆளிடம் விடு. இன்னொன்று. பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். நீ வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பார்த்துக்கொள். என்னிடம் பார்க்காதே. டாக்டர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கும் போன வாரம் எழுதிவிட்டேன், என் பெண்டாட்டியை நார்மல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. அவர் கட்டுரை எழுதினாரா, அதில் இவளுடைய புள்ளி எங்கே கிடக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. பதில் இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் உன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் உடம்பில் செய்த குற்றத்தை அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொல்வது முறையில்லை. நேற்றுக் காலை நீ பள்ளிக்கூடம் போன பிறகு, அவளுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, மெதுவாக, "தெரியும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அன்னைக்குச் சட்டை தொவைக்கையில நான் படுத்திருக்கையில நீங்க எழுதுன சீட்டு பையில இருந்துச்சு. நூத்தி எழுவதுன்னு. காதர் பாய் மச்சானுக்கு நூத்தம்பதுன்னு நீங்கதான வீட்ல வந்து சொன்னீங்க. எது கூட, எது கொறச்சல்னு எனக்குத் தெரியாதா?" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

தட்டைக் கீழே வைத்தேன். அப்புறம், பாப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே, நாலு வருஷமாக அது தன்னால்தான் என்று நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறதே என்று கேட்டேன். சேலைத் தலைப்பை இடது கையால் இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா அவ போயிருவால்ல" என்றாள். "விழுந்து எந்திரிச்சுப் பாத்தா, புள்ள எங்கயும் போகலைன்னு பக்கத்துலயே உக்காந்திருக்கு. எனக்கு அது வேண்டியிருந்துச்சுங்க."

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் என் மேல் திரும்பியது. நான் என் படிவத்தைக் காப்பாற்ற உன்னை விட்டுக்கொடுத்தேன், அவள் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள உன்னையே விட்டுக்கொடுத்தாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் உண்மையைத் தெரிந்துகொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல், நடுவில் உன்னை நாலு வருஷம் நிறுத்திவைத்திருந்தோம். மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை, அது உன் இஷ்டம். நீ பம்பாய்க்குப் போ. இரண்டு மாதத்தில் எனக்கு ரிட்டையர்மென்ட், அதுவரை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, கையைக் காலை நீட்டிவிடுவது எல்லாம் உன்னைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். உன் அளவுக்கு வராது, ஆனால் செய்வேன். முதல் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

இன்று காலையில், கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாப்பாவுக்கு என்ன சொல்லட்டும் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்திருக்கப் போனேன், இடது கையால் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "போறப்ப என்னை நல்லாத் திட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பேசாம மட்டும் போயிரக் கூடாது" என்றாள்.

எனக்கும் அதுதான் வேண்டும், பாப்பா.

இப்படிக்கு,
அப்பா